சென்னைக்குக் குடிவந்ததும் பழைய சைக்கிள் வாங்க...

ஏப்ரல், மே மாதங்களில் தேடுங்கள். படிப்பு முடித்து ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் சமயம் அது. கியர் சைக்கிள் பார்க்க அழகுதான்; ஆனால் மேடே இல்லாத இந்த ஊரில் கியர் இல்லாததே போதும், செலவும் குறைவு.

வண்டியைப் பகலில் பாருங்கள். ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தைச் சுழற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். கோட்டம் எடுத்துவிடலாம், டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமில் விரிசலோ புதிதாக வெல்டிங் வைத்த தடமோ இருந்தால் மட்டும் பேரமே பேசாதீர்கள். கடற்கரைப் பகுதி வண்டி என்றால், சீட் கம்பியை உருவித் துருவையும் பாருங்கள்.

பெடல் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் ஃபிரேம் எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் வேண்டாம். திருட்டு வண்டி என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின்படி குற்றம். விற்பவரிடம் எண்ணைக் குறித்துக் கையெழுத்துடன் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி, ஓவராயிலிங் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்வதில் தப்பே இல்லை.