கோடை இடிமழையைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதில் வானிலையைப் பார்ப்பதில்லை. நான் இருக்கும் ஆரணியில் இது தினமும் தேவைப்படுகிற விஷயம். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது மழை வந்தால் பட்டு நூல் நனைந்துவிடும். கூடவே இடி இடித்தால் நம் கம்ப்யூட்டருக்கும் ஆபத்து. எனவே மூன்று வேளையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

காலை: கூகுளில் "சென்னை வானிலை ஆய்வு மையம்" என்று டைப் செய்து, இந்திய வானிலைத் துறையின் தளத்தைத் திறந்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்றிருந்தால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் அதிகபட்சம் 25 சதவீதத்தில்தான் மழை பதிவாகும் என்று பொருள். ஆரணியில் பெய்யும் என்றும் சொல்ல முடியாது, பெய்யாது என்றும் சொல்ல முடியாது.

அடுத்து ஈரப்பதம். காலையில் 27 டிகிரி வெப்பத்தில் 85 சதவீதம், மதியம் 38 டிகிரியில் 45 சதவீதம் என்று இருந்தால் ஈரம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். காற்றில் உள்ள நீராவி இரண்டு வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பம் கூடினால் சதவீதம் இறங்கும், அவ்வளவே. அதனால் "டியூ பாயிண்ட்" எனப்படும் பனிநிலையைப் பாருங்கள். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்களில் அது இறங்கியிருக்கும். வங்கக்கடல் காற்று உள்ளே வந்ததும் 24, 25 டிகிரிக்கு ஏறும். புழுக்கம் திரும்பிவிட்டது, மாலை இடிமழைக்கு வாய்ப்பு உண்டு என்பதற்கு அதுவே அடையாளம்.

மதியம்: அதே தளத்தில் சென்னை ரேடார் படத்தைத் திறந்து, எஃப் 5 கீயை அழுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். மஞ்சள், சிவப்பு நிறம் பலத்த மழையைக் குறிக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் தோன்றும் திட்டு கிழக்கே நகர்ந்தால் கவனமாக இருங்கள். படத்தில் நேரம் "யூடிசி" என்றிருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாலை: "நவ்காஸ்ட்" எனப்படும் அறிவிப்பு அடுத்த 3 மணி நேரத்துக்கானது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெயர் அதில் வந்தால் பாவைச் சுருட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்கும் சேலை டிசைனை சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். பிறகு ஷட் டவுன் செய்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்பைக் பஸ்டரோ யூபிஎஸ்ஸோ அருகில் விழும் மின்னலைத் தாங்காது. மோடத்தின் அடாப்டரையும், கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள்.

இதையெல்லாம் இடி தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். மின்னல் தெரிந்து 3 விநாடியில் இடி கேட்டால், அது சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில்தான் விழுந்திருக்கிறது. அப்போது பிளக்கிலோ கேபிளிலோ கை வைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம்.