சிற்றில்

நுழைவாயில்

‘சிற்றில்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. மக்கள் குடியிருக்கும் சிறிய வீடு என்பது ஒன்று. சிறுவர் விளையாட்டாகக் கட்டும் மணல்வீடு என்பது மற்றொன்று. புறநானூற்றில் காவற்பெண்டு என்னும் பெண்பாற்புலவர் பாடிய பாடலில் இச்சொல் முதற்பொருளில் வருகிறது. கலித்தொகையில், சிறுமியர் தெருவில் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் ஒருவன் காலால் சிதைத்ததைத் தலைவி நினைவுகூரும் பாடலில் இரண்டாம் பொருளில் வருகிறது. ஒரு சிற்றிலுக்குள் மற்றொரு சிற்றில் அமைந்த வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம்.

பாடம்

மும்பை மாநகரின் நடுவே அமைந்துள்ளது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு, தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதி மக்கள் இங்கு வந்து குடியேறினர். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் வாழும் கும்பார்வாடாவும் இங்குதான் உள்ளது. தைத்திங்கள் முதல் நாளன்று, தொண்ணூறு அடிச் சாலையில் தமிழ்ப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சி புகழ்பெற்றது. தாராவியில் அவிக்கப்படும் இட்லி, ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மிதிவண்டிகளில் ஏறி நகரின் பல பகுதிகளுக்கும் செல்கிறது.

அத்தகைய இட்லி வணிகக் குடும்பம் ஒன்று அங்கே வாழ்ந்து வந்தது. தந்தை, தாய், ஆச்சி, பன்னிரண்டு வயது அக்காள், ஆறு வயதுத் தம்பி என ஐவர் அவ்வீட்டில் இருந்தனர். வீடு என்பது ஒரே அறைதான். பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம். அதன் ஒரு மூலையில் அடுப்படி. அதனையடுத்துத் தண்ணீர்ப் பீப்பாய். எதிர்மூலையில் இரும்புக் கட்டில். சுவரோரமாகப் போர்வைகள் வைக்கும் தகரப் பெட்டி.

தந்தையும் தாயும் இரவு இரண்டு மணிக்கே எழுந்து இட்லி அவிப்பர். விடிவதற்குள் தந்தை மிதிவண்டியில் புறப்பட்டு விடுவார். விற்று முடித்து நண்பகலில் வீடு திரும்பிச் சற்று நேரம் கண்ணயர்வார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் தாய் நாள்தோறும் சொல்லும் சொல் ஒன்று உண்டு: “மெதுவாப் பேசுங்க, அப்பா தூங்குதாங்க.” வெளியே சென்று விளையாடலாம் என்றால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்கே சந்து அகலமாக இருந்தது. அதில் தள்ளுவண்டிகளும் வந்துகொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காளும் தம்பியும் ஒளிந்து பிடிக்கும் விளையாட்டை ஆடினர். அக்காள் சுவரில் முகம் புதைத்து ஐம்பது வரை எண்ணினாள். திரும்பிப் பார்த்தபோது தம்பியைக் காணவில்லை. கட்டிலின் கீழே சாக்குமூட்டையும் பாத்திரங்களும் அடைந்திருந்தன. பீப்பாயின் பின்னே அவன் இல்லை. அண்டை வீட்டிலும் இல்லை. சந்தின் முனைக்கு ஓடிச் சென்று, குழாயடியில் நின்றவர்களிடம் கேட்டாள். எவரும் அவனைப் பார்க்கவில்லை. அவளுக்கு நெஞ்சு படபடத்தது.

அந்நேரத்தில், வெயிலில் உலர்த்திய போர்வைகளைச் சுமந்துகொண்டு ஆச்சி வீட்டிற்குள் வந்தார். பெட்டியைத் திறக்கக் கை நீட்டியவர் சற்றே நின்றார். காலையில் பெட்டியை அவர் திறந்தே வைத்துவிட்டுச் சென்றிருந்தார். இப்போதோ மூடி விழுந்திருந்தது. அதன் கொண்டியும் வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி போர்வைகளைக் கீழே போட்டுவிட்டுக் கொண்டியைத் தள்ளி மூடியைத் தூக்கினார். உள்ளே தம்பி சுருண்டு கிடந்தான். உடல் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. வாயைத் திறந்தான், அழுகை வரவில்லை. ஆச்சி அவனை வாசலுக்குத் தூக்கி வந்து காற்றுப்படும்படி மடியில் கிடத்தினார். சிறிது நேரம் கழித்துத்தான் அவன் ஓவென்று அழுதான். அவ்வழுகையைக் கேட்ட பின்னரே அக்காளுக்கு மூச்சு வந்தது.

ஓசை கேட்டு எழுந்த தந்தை நடந்ததை அறிந்து நடுங்கினார். “இனி இந்த வீட்டில் ஒளிந்து விளையாடவே கூடாது” என்றார்.

ஆச்சி மறுமொழி கூறினார்: “பிள்ளைய ஒளியாதன்னு சொன்னா ஒளியாம இருப்பானாய்யா? நம்ம கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது போய்த்தான் ஒளிவான். ஒளிய நல்ல இடமா ஒண்ணு நாமளே குடுப்போம்.”

“இடத்துக்கு எங்கம்மா போறது?” என்று தந்தை கேட்டார்.

வினா நியாயமானதே. அன்று மாலை அக்காள் கணக்கு ஏட்டின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தாள். பன்னிரண்டைப் பத்தால் பெருக்கினால் 120 சதுர அடி. ஐவருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 24 சதுர அடி. கட்டில் ஆறு அடி நீளமும் நான்கு அடி அகலமும் கொண்டது. அதுவும் 24 சதுர அடி. ஆகவே, கட்டிலின் கீழே ஓர் ஆளுக்குரிய இடம் சாக்குமூட்டைக்கும் பாத்திரங்களுக்கும் சென்றுகொண்டிருக்கிறது என்பதை அவள் கண்டாள். ஏட்டைத் தாயிடம் காட்டினாள்.

தாய் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். “அரிசி மூட்டைய வேற எங்கயும் வைக்க முடியாது. பாத்திரத்தப் பரணுக்கு மாத்திரலாம். பாதி இடம் உங்களுக்கு” என்றார்.

மறுவாரம் வேலை தொடங்கியது. கட்டிலின் ஒவ்வொரு காலின் கீழும், வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசைச் செங்கற்களைத் தந்தை அடுக்கினார். நான்கு கால்களுக்கும் சேர்த்து இருபத்து நான்கு செங்கற்கள் ஆயின. ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்குவாக்கிலும் வைத்து, கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்தார். கட்டில் முக்கால் அடி உயர்ந்தது. இப்போது தம்பி அதன் கீழே நிமிர்ந்து உட்காரலாம். அக்காள் தலையைச் சற்றுக் குனிய வேண்டும்.

ஆச்சி தம் பழைய நூற்சேலை ஒன்றைக் கொடுத்தார். நைலான் துணி வேண்டாம், அது புழுங்கும் என்று தாய் கூறியதால் நூற்சேலையே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனைக் கயிறு கட்டித் தொங்கவிடாமல், மெத்தையின் ஓரத்தில் செருகித் துணிக் கவ்விகளால் பிடிப்பித்தனர். சேலையின் அடிப்பகுதி தரையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி விடப்பட்டது. காற்று உள்ளே போய்வரவும், உள்ளிருப்பவரின் கால் வெளியே தெரியவும் அவ்விடைவெளி உதவியது. கட்டிலின் இரு பக்கங்களில் சுவர் இருந்தது. நீண்ட பக்கத்தில் சேலை தொங்கியது. நான்காம் பக்கம் எப்போதும் திறந்தே இருந்தது.

உள்ளே ஒரு கோரைப் பாய், ஒரு மின்கலக் கைவிளக்கு, அட்டைப் பெட்டி ஒன்று. அப்பெட்டியில் தம்பியின் சோடாமூடிகளும் அக்காளின் நூல்களும் இடம்பெற்றன. தம்பிக்கு அந்த இடம் ஒரு நாள் தொடர்வண்டி ஆயிற்று. மறுநாள் புலிக்குகை ஆயிற்று. மழை நாளில் படகு ஆயிற்று. தந்தை உறங்கும் பொழுதிலும் அவன் அங்கே ஓசையின்றி விளையாடக் கற்றுக்கொண்டான்.

அக்காளுக்கு அது வேறு வகையில் பயன்பட்டது. அதுவரை அவள் படிப்பதும் எழுதுவதும் நால்வர் கண்முன்னேதான். ஒரு நாள் பள்ளியில் எவரோ அவளது இந்தி உச்சரிப்பைக் கேலி செய்தனர். வீட்டிற்கு வந்தவள் எவரிடமும் பேசாமல் சேலைக்குப் பின்னே சென்று அமர்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்கத் தாய் எழுந்தார். ஆச்சி கையமர்த்தினார். “அவளே வருவா. கொஞ்சம் இருக்கட்டும்” என்றார். அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து, தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்று முதல் அவ்வீட்டில் ஒரு வழக்கம் தோன்றியது. சேலை இறங்கியிருந்தால், பெரியவர்கள் “வரலாமா?” என்று கேட்ட பின்னரே விலக்கினர். உள்ளிருப்பவர்களும், அழைத்தவுடன் மறுமொழி தர வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டனர்.

இரவானதும் சேலை சுருட்டப்படும். அக்காளும் தம்பியும் அங்கேயே பாய் விரித்து உறங்குவர். இரண்டு மணிக்கு எழும் பெற்றோர், அவர்களை மிதித்துவிடுவோமோ என்னும் அச்சமின்றி அறையில் நடமாட முடிந்தது. பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு பெரியவர்களுக்கும் நன்மையாய் முடிந்தது.

தகரப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால், அதில் கொண்டி இல்லை. அதைத் தந்தை அந்த ஞாயிறு மாலையே சுத்தியலால் கழற்றி எறிந்துவிட்டார்.

ஒரு நண்பகலில், விற்பனை முடிந்து களைத்து வந்த தந்தையைத் தம்பி சேலையை விலக்கி அழைத்தான். “உள்ள வாங்கப்பா, இங்க குளிர்ச்சியா இருக்கு” என்றான். தந்தை தவழ்ந்து உள்ளே சென்று படுத்தார். அவருடைய கால்கள் முழங்கால் வரை வெளியே நீண்டிருந்தன. தம்பி மெல்ல வெளியே வந்து, “மெதுவாப் பேசுங்க, அப்பா தூங்குதாங்க” என்று அக்காளிடம் கூறினான்.

மறைவிடம் அமைக்கும்போது நினைவில் கொள்க

1. பெட்டி, அலமாரி, குளிர்பதனப் பெட்டி போன்ற மூடிக்கொள்ளும் பொருள்களுக்குள் ஒருபோதும் ஒளியக் கூடாது. உள்ளே காற்று விரைவில் தீர்ந்துவிடும். உள்ளிருந்து திறக்கவும் இயலாது.
2. மறைவிடத்தின் ஒரு பக்கமேனும் திறந்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் எதுவும் இருத்தலாகாது.
3. அடுப்பு, எரிவாயு உருளை, மின்செருகி, தண்ணீர்ப் பீப்பாய் ஆகியவற்றுக்கு அருகில் அமைக்கக் கூடாது.
4. மெழுகுவத்தியோ அகல்விளக்கோ உள்ளே கொண்டு செல்லக் கூடாது. மின்கலக் கைவிளக்கே போதும்.
5. நெகிழித் தாளால் மூடக் கூடாது. கழுத்தில் சிக்கக்கூடிய கயிறுகளைத் தொங்கவிடக் கூடாது.
6. கட்டிலையோ கனமான பொருளையோ பெரியவர்களே உயர்த்த வேண்டும். மறைவிடம் எங்குள்ளது என்பது வீட்டுப் பெரியவர் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிந்து கொள்வோம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ‘சிற்றில்’ ஒன்று. தாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் பாட்டுடைத் தலைவனிடம் வேண்டுவதாக அப்பருவம் பாடப்படும்.

ஐக்கிய நாடுகள் அவை 1989 நவம்பர் 20 அன்று குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 16ஆம் பிரிவு, குழந்தையின் தனிமையில் தகாத முறையில் எவரும் தலையிடலாகாது என்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

சொல்லும் பொருளும்

ஆச்சி – பாட்டி (நெல்லை வட்டார வழக்கு)
தூங்குதாங்க – தூங்குகிறார்கள் (நெல்லை வட்டார வழக்கு)
கொண்டி – பெட்டியை மூடி மாட்டும் இரும்புப் பட்டை
பரண் – பொருள்கள் வைக்கச் சுவரின் மேற்பகுதியில் அமைத்த தட்டு
சாண் – விரித்த கையின் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையுள்ள அளவு
கையமர்த்துதல் – பேசாதிருக்குமாறு கையால் குறிப்புக் காட்டுதல்

இலக்கணம் அறிவோம்

சிற்றில் = சிறுமை + இல். இதில் ‘மை’ என்னும் ஈறு கெட்டுச் ‘சிறு’ என நிற்கும். பின் றகர ஒற்று இரட்டித்துச் ‘சிற்று’ என்றாகும். உயிரெழுத்து வருவதால் இறுதி உகரம் நீங்கிச் ‘சிற்றில்’ எனப் புணரும்.

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. சிற்றூர்  2. சிற்றுண்டி  3. சிற்றோடை  4. சிற்றெறும்பு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பெட்டியைக் கண்டதும் ஆச்சி ஏன் சற்றே நின்றார்?
2. சேலையின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டதன் காரணங்கள் இரண்டினைக் கூறுக.
3. நண்பகலில் பிள்ளைகள் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது ஏன்?

இ. சிந்தித்து விடை தருக.
1. “இனி ஒளிந்து விளையாடவே கூடாது” என்ற தந்தையின் கூற்று, ஆச்சியின் மறுமொழி ஆகிய இரண்டனுள் நீங்கள் ஏற்பது எது? காரணம் கூறுக.
2. தாய் எழுந்து செல்ல முற்பட்டபோது ஆச்சி கையமர்த்தியது சரியா? உங்கள் கருத்தை எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டின் நீள அகலங்களை அளந்து வரைபடம் வரைக. ஒருவருக்குரிய இடம் எவ்வளவு எனக் கணக்கிடுக. அதில் உங்களுக்கென ஒரு சிற்றில் அமைக்கத்தக்க இடத்தைக் குறித்து, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுக. அவர்கள் இளமையில் ஒளிந்து விளையாடிய இடம் எது எனக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதி வருக.