குடிநோயும் மீட்சித் தோழமையும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர்க்கெனச் செதுக்கப்பெற்ற கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவருக்கு இளயர் என்பார் இருக்கை அமைத்தளித்த செய்தியைத் தெரிவிக்கின்றது. வேற்றூரார் ஒருவர் அமர்ந்து தம் நோன்பைக் காக்க இடம் தரப்பட்டது. சமணம் மதுவை விலக்கிய சமயமாகும். மதுவை விட விழைவார்க்கு அமர ஓரிடம் தரும் பணி இன்றும் தேவைப்படுகின்றது. அப்பணியை ஆற்றும் மீட்சித் தோழமைக் கூட்டங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறள் தரும் குறிப்பு

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறட்பாக்களையும் இணைத்துப் பயிலல் வேண்டும். களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதை ஒக்கும் என்பது முன்னதன் கருத்து. தான் குடிக்காத வேளையில், குடித்துக் களித்த பிறனைக் காண்பவன் தன் சோர்வை எண்ணிப் பாரானோ என்பது பின்னதன் வினா. அறிவுரை தோற்குமிடத்தில், அதே நிலையிலுள்ள மற்றொருவன் கண்ணாடியாகின்றான். தோழமைக் கூட்டங்களின் உளவியல் அடிப்படையும் இதுவே எனலாம்.

தோற்றமும் நடைமுறையும்

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குவணிகத் துறையைச் சார்ந்த பில் என்பாரும் மருத்துவர் பாப் என்பாரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். தம்மைப் போன்ற ஒருவருடன் மனம்விட்டுப் பேசுவது குடிக்காமலிருக்கத் துணைசெய்வதைக் கண்டனர். அச்சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு மலர்ந்தது. 'பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள்' என்பது இதன் பொருள். இந்தியாவில் இவ்வமைப்பு 1957இல் தில்லியில் தொடங்கியது. குடிநோயாளிகளின் குடும்பத்தார்க்கென 'அல்-அனான்' என்னும் தனி அமைப்பும் 1951இல் தோன்றியது.

இதில் சேர்வதற்குக் குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை, உறுப்பினர் மனமுவந்து இடும் சிறுதொகையே செலவுக்கு உதவும். திறந்த கூட்டத்திற்கு எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவார்க்கு மட்டும் உரியது. ஒருவர் தம் அனுபவத்தைக் கூற, மற்றவர் குறுக்கிடாமல் கேட்பர். முதல்நாள் வருபவர் பேசாமலும் இருக்கலாம். வாழ்நாள் முழுமைக்கும் சூளுரைக்குமாறு எவரும் வற்புறுத்துவதில்லை. இன்று ஒருநாள் குடிக்காதிருத்தலே குறிக்கோள்.

இம்முறை பயனுடையதா என்னும் வினாவிற்கு, 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு விடையளிக்கின்றது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய அத்தொகுப்பு, இவ்வமைப்பின் வழிமுறைகளில் முறையாக ஈடுபடுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காதிருக்கப் பிற முறைகளினும் மிகுதியாகத் துணைசெய்வதைக் காட்டியது.

மருத்துவமும் தோழமையும்

கூட்டம் மருத்துவத்திற்கு மாற்றன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் முதலில் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் முன்னோடியாகும். அம்மருத்துவமனை 1989 முதல் மஞ்சக்குடியில் நடத்திய முகாம்கள், சிற்றூரிலும் இச்சிகிச்சை இயலும் என மெய்ப்பித்தன. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை பெறலாம். அருகில் எங்குக் கூட்டம் நடைபெறுகின்றது என்றும் கேட்டறியலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் உண்டு.

மார்க்கமும் மறைப்பும்

நம் சமுதாயத்தில் இந்நோய்க்குத் தனியொரு தடை உண்டு. மது ஹராம் என்பதால், 'நம் வீட்டில் குடிப்பவர் இல்லை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெண்மணிகள் வாய்திறவாமல் துன்புறுகின்றனர். நோயாளியோ பள்ளிவாசலுக்கு வரவும் நாணுகின்றார். பிறர் குறையை மூடிக்காப்பது மார்க்கம் போற்றும் பண்பு. ஆனால் மானத்தைக் காப்பது வேறு. நோயை மறைத்துச் சிகிச்சையைத் தடுப்பது வேறு. கூட்டத்தில் சொல்லப்படுவது வெளியே செல்லாது என்னும் நெறி முன்னதைப் பேணிப் பின்னதை விலக்குகின்றது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தார். அவ்வாறு சபிக்கலாகாது எனத் தடுத்த அண்ணலார், அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என எடுத்துரைத்த செய்தி புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. அங்கே செயல் கண்டிக்கப்பட்டது, மனிதர் விலக்கப்படவில்லை. திருக்குர்ஆனிலும் மதுவிலக்கு ஒரேநாளில் விதிக்கப்படவில்லை. அதன் தீமை பயனினும் பெரிது என முதலில் உணர்த்தி, போதையுடன் தொழுகையை நெருங்காதிருக்கப் பணித்து, இறுதியில் முற்றாக விலக்கிய படிமுறை சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989இல் முஸ்லிம்கள் தொடங்கிய 'மில்லத்தி இஸ்லாமி' என்னும் மீட்சி அமைப்பு, தோழமைமுறையை மார்க்க நெறியோடு பொருத்திக் காட்டியது.

முடிவுரை

ஜமாஅத்தினர் வாரம் ஒருமாலை ஓர் அறையையும் சில நாற்காலிகளையும் தந்துதவலாம். வருபவர் யாரெனக் கணக்கெடுக்காதிருத்தல் அதனினும் பேருதவி. ஆசிரியர்கள், குடிநோயால் நலியும் இல்லத்து மாணவரைத் தனியே அழைத்துப் பரிவுடன் கேட்கலாம். மாணவர்கள், தந்தையின் நோய்க்குத் தாம் காரணரல்லர் என்பதை உணர்ந்து, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் மனந்திறக்க வேண்டும். நோயாளி முதற்கூட்டத்திற்குச் செல்லும் நாளில் வாயில்வரை உடன்செல்ல ஒருவர் இருப்பின், பாதிவழி கடந்ததாகும். வல்ல இறைவன் அத்துணையாவாரை நம்முள் பெருக்குவானாக!