தொலைக்காட்சிப் பெட்டியில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. 1975இல் சென்னைக்கு வந்தது. 1982இல் வண்ணம் பெற்றது. அந்நாளில் பெட்டி வாங்கச் சென்றவர்கள், "கறுப்பு வெள்ளையா, கலரா? விலை என்ன?" என்று கேட்டால் போதும். இன்றோ கடைக்குள் நுழைந்தவுடன் 4கே, எச்.டி.ஆர்., க்யூ.எல்.இ.டி., 120 ஹெர்ட்ஸ் என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் விலை ஏறுகிறது. தவணையில் பெட்டி வாங்கும் குடும்பத்திற்கு அவ்வாறு ஏறும் சில ஆயிரம் ரூபாய், ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ தாத்தாவின் மருந்துச் செலவாகவோ இருக்கலாம்.

லூக்கா நற்செய்தியில் இயேசு பெருமான் கூறிய கோபுரம் கட்டும் மனிதனின் உவமையை நாம் அறிவோம். செலவைக் கணக்கிடாமல் கட்டத் தொடங்கியவன் பிறர் நகைப்புக்கு ஆளாவான். ஆகவே நாமும் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அதற்கு மூன்று கேள்விகள் போதும். நம் வீட்டில் யார் பார்க்கிறார்கள்? எவ்வளவு தூரத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள்? எதைப் பார்க்கிறார்கள்?

கண்ணும் தூரமும்

திரையில் தெரியும் படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. எச்.டி. ரெடி திரையில் 1366 × 768, அதாவது ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள் உள்ளன. ஃபுல் எச்.டி. திரையில் 1920 × 1080, ஏறத்தாழ 21 லட்சம். 4கே திரையில் 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம். இந்த எண்களைக் கேட்டால், 4கே படம் ஃபுல் எச்.டி. படத்தைவிட நான்கு மடங்கு தெளிவாக இருக்கும் என்றே தோன்றும். ஆனால் அந்தப் புள்ளிகளைக் காண வேண்டியது நம் கண் அன்றோ?

அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 1/60 பாகைக்குக் குறைந்தால், குறையற்ற சாதாரணக் கண்ணும் அவற்றைப் பிரித்துக் காண்பதில்லை. இதைக் கொண்டு நாங்கள் ஒரு கணக்குச் செய்து பார்த்தோம். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 535 மில்லிமீட்டர். அதில் 1080 வரிசைகள் இருந்தால் ஒரு புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். அது 1/60 பாகைக் கோணத்தை ஏற்படுத்தும் தூரம் 1.7 மீட்டர், அதாவது ஐந்தரை அடிக்குச் சற்று அதிகம். அதற்கு அப்பால் அமர்ந்தால் ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியா. அவற்றை மேலும் நுண்ணியதாக்கிய 4கேயின் நன்மை எங்கே தெரியப் போகிறது?

இதை எளிய வாய்பாடாகவும் சொல்லலாம். திரையின் அங்குல அளவை 1.6ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் எல்லைத் தூரம் அடியில் கிடைக்கும். 55 அங்குலத் திரைக்கு அது ஏழேகால் அடி. எங்கள் வகுப்பில் சிலர் தத்தம் வீட்டில் நாற்காலிக்கும் பெட்டிக்கும் இடையே டேப் வைத்து அளந்து வந்தோம். பெரும்பாலும் 7 முதல் 9 அடி வரை இருந்தது. அங்கே 43 அங்குலப் பெட்டிக்கு 4கே என்பதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுப்பது வீண். 55 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளில் பெரும்பாலானவை 4கேயாகவே வருவதால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை.

கேபிளிலும் டி.டி.எச்.சிலும் வரும் சேனல்களில் பெரும்பாலானவை சாதாரணத் தரத்திலோ எச்.டி. தரத்திலோதான் வருகின்றன என்பதையும் மறக்கலாகாது. சாதாரணப் படத்தை 4கே திரையில் இட்டால், பெட்டி அதைப் பெரிதாக்கிக் காட்டுமேயன்றி, இல்லாத நுட்பத்தை உண்டாக்காது.

திரை பெரிதாக இருப்பதோ தொலைவில் அமர்பவர்க்கு உண்மையாகவே உதவும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்டிகளுக்கு உள்ளது போலவே 18 சதவிகிதமாயிற்று. ஆகவே வரிக்கு அஞ்சிச் சிறிய திரையோடு நிற்க வேண்டியதில்லை. அறையின் நீளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

வண்ணமும் ஒளியும்

எல்.இ.டி. பெட்டி என்பது திரவப் படிகத் திரைக்குப் பின்னே எல்.இ.டி. விளக்குகள் எரியும் பெட்டியாகும். க்யூ.எல்.இ.டி.யும் அதே வகைதான். வண்ணத்தைச் செம்மைப்படுத்தும் நுண்துகள் படலம் ஒன்று அதில் கூடுதலாக உண்டு. ஓ.எல்.இ.டி. வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தரும். வேண்டாதபோது முற்றிலும் அணைந்துவிடும். ஆகவே கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரியும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒன்றை மற்றொன்று என்று எண்ணி ஏமாறக் கூடாது.

ஓ.எல்.இ.டி.யின் அழகு இருட்டறையில்தான் முழுமையாக விளங்கும். பகல் வெளிச்சமும் குழல்விளக்கும் உள்ள நம் கூடங்களில் அதன் மேன்மை பெரிதும் குறைந்துவிடும். ஒரே செய்திச் சேனல் நாள்தோறும் பல மணி நேரம் ஓடும் வீட்டில், அசையாது நிற்கும் சேனல் முத்திரை அத்திரையில் நிலையாகப் படிந்துவிடவும் கூடும்.

எச்.டி.ஆர். என்பது ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை மிகுத்துக் காட்டும் முறை. அதற்குத் திரை நல்ல ஒளி தர வேண்டும். திரையின் ஒளியை நிட் என்னும் அலகால் அளப்பர். 250 அல்லது 300 நிட் மட்டுமே தரும் மலிவான பெட்டியும் எச்.டி.ஆர். படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் ஒளியைக் காட்ட அதற்குச் சக்தி இல்லை. ஆகவே "எச்.டி.ஆர். உண்டா?" என்று கேட்பதைவிட, "எத்தனை நிட்?" என்று கேட்பதே அறிவுடைமை.

நம் வீடுகளில் எல்லோரும் திரைக்கு நேர் எதிரே அமர்வதில்லை. ஒருவர் பாயில் அமர்வார். ஒருவர் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். சில திரைகளில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுத்துப் போகும். பக்கத்திலிருந்தும் நன்றாகத் தெரியும் திரைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். வீட்டார் அனைவருக்கும் அது பயன் தருவதாகும்.

அசைவு

திரைப்படம் நொடிக்கு 24 படங்களால் ஆனது. நம் நாட்டுத் தொலைக்காட்சி 25 படங்கள் கொண்ட முறையில் அமைந்தது. இவற்றுக்கு நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையே போதும். 120 ஹெர்ட்ஸ் திரை வீடியோ விளையாட்டுக்காரர்களுக்கும், ஓரளவு விளையாட்டுப் போட்டிகளை விரும்பிப் பார்ப்போருக்கும் பயன்படும். சீரியலும் செய்தியும் பார்ப்போர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒலி

பெட்டிகள் மெலியத் தொடங்கிய பின் ஒலிபெருக்கிகள் சிறுத்து, பின்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ ஒளிந்துகொண்டன. இதனால் இசை கேட்டாலும் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் நல்ல ஒலிக்குச் செலவிடும் பணம் ஒருபோதும் வீணாகாது.

பொதுத் தேர்வுக்குப் படிக்கும் எங்களைப் போன்றோர் உள்ள வீட்டில் மற்றொரு வசதி மிகவும் தேவை. அது புளூடூத் வழியாக ஹெட்போனை இணைக்கும் வசதி. ஒரே கூடத்தில் அப்பா கிரிக்கெட் பார்க்கலாம். மகள் கணக்குப் போடலாம். இந்த வசதி உண்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

ஸ்மார்ட் வசதியும் முப்பரிமாணமும்

இணையத்தோடு இணைந்து இயங்கும் ஸ்மார்ட் வசதி இன்று பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. ஆயினும் பெட்டியின் உறுப்புகளுள் விரைவில் பழையதாவது இதுவே. சில ஆண்டுகளில் மென்பொருள் புதுப்பித்தல் நின்றுபோய், செயலிகள் மெதுவாகும். அப்போது எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு சிறு ஸ்டிக்கைச் செருகினால் வசதி மீண்டும் வந்துவிடும். திரையை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே மாற்ற முடியாத திரைக்கு முதலில் பணம் கொடுப்போம். மாற்றக்கூடியதைப் பின்னர் பார்த்துக்கொள்வோம்.

புதுமை என்பதற்காகவே வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு முப்பரிமாணத் தொலைக்காட்சி ஒரு பாடம். 2010ஆம் ஆண்டளவில் கண்ணாடி அணிந்து பார்க்கும் அப்பெட்டிகள் பெரும் விளம்பரத்தோடு வந்தன. அதற்கேற்ற நிகழ்ச்சிகள் பெருகவில்லை. 2017க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அவற்றைக் கைவிட்டன. இன்று 8கே பெட்டியை விலை பேசுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

கடையில் செய்ய வேண்டியவை

கடையில் ஓடும் படம் பெட்டியை விற்பதற்காகவே எடுக்கப்பட்டது. திரையும் கண்ணைப் பறிக்கும் கடை அமைப்பில் வைக்கப்பட்டிருக்கும். வீட்டு அமைப்புக்கு மாற்றி, நாம் வழக்கமாகப் பார்க்கும் சேனலைப் போடச் சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தூரத்தில் நின்றும், பக்கவாட்டில் நின்றும் பார்க்க வேண்டும். மின்சிக்கன நட்சத்திர முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் அளவைப் படிக்க வேண்டும். பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரில் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. ஒரு வசதிக்கு 8,400 ரூபாய் கூடுதல் என்றும், பெட்டி 7 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். 7 ஆண்டுகள் 84 மாதங்கள். மாதம் 100 ரூபாய் ஆகிறது. வீட்டில் ஒருவர் நாள்தோறும் அதைப் பயன்படுத்துவாரானால் அது மலிவே. ஒருவரும் பயன்படுத்தாவிட்டால், மாதந்தோறும் நூறு ரூபாய்த் தாளைக் குப்பையில் போடுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

அசிசி நகர்ப் புனித கிளாரா, நோயுற்றுக் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்குச் செல்ல முடியாதிருந்தபோது, அவ்வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. அதனாலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். இன்றும் கோவிலுக்கு நடக்க இயலாத பாட்டிமார் பலர் ஞாயிறு திருப்பலியைத் தொலைக்காட்சியில் காண்கின்றனர். அவர்களுக்கு வேண்டியவை குருவானவரின் குரல் தெளிவாகக் கேட்கும் ஒலியும், எளிதில் அழுத்தக்கூடிய ரிமோட்டும்தான். 83 லட்சம் புள்ளிகளை அவர்கள் கேட்கவில்லை.

எனவே அன்புத் தோழியரே, அடுத்த முறை நம் வீட்டில் பெட்டி வாங்கும் பேச்சு வரும்போது, விளம்பரத்தாளை எடுக்கும் முன் அளவு டேப்பை எடுப்போம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் அவர்தம் தேவையைக் கேட்போம். தேவைக்குத் தயங்காமல் கொடுப்போம். பெருமைக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் பணிவோடு எடுத்துச் சொல்வோம்.