மருந்தின் நான்காம் கூறு

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் யாவரும் எளிதில் கூறிவிடுவர். நான்காவதாக வள்ளுவர் வைப்பது, நோயாளியின் பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவரை ஆகும். அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. 'உழை' என்பதற்கு இங்குப் 'பக்கம்' என்பது பொருள். புற்றுநோய் ஒரு குடும்பத்துள் நுழையும்போது இந்நான்காம் கூறு படும் பாட்டையும், அது ஆற்ற வேண்டிய கடனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் அச்சமும்

கிரேக்க மருத்துவர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். தமிழர் 'புற்று' என்றனர். கரையான் புற்றில் வெளியே தெரிவது சிறு மேடே. உள்ளே செல்லும் வழிகளோ பல. இன்றைய அறிவியல், புற்றுநோய் என்பது ஒரே நோயன்று, நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் தொகுதி என்கின்றது. உடலின் உயிரணுக்கள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே அவற்றின் பொது இயல்பு.

ஆயினும் மக்கள் இப்பெயரைச் சொல்லவே அஞ்சுகின்றனர். இது தொற்றுநோய் அன்று. எனினும், நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே வைக்கும் இல்லங்கள் உள்ளன. மகளின் திருமணம் தடைப்படுமோ என்று தாயின் நோயை மறைப்போரும் உளர். மறைத்த நாள்களில் நோய் வளர்ந்துவிடுகின்றது.

அன்பும் அறிவும்

எம் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். எம் தமக்கையார் இந்நோய்க்கு ஆளானபோது, வயிற்றுப்புண் என்றே அவரிடம் கூறி வந்தோம். வீட்டிலுள்ள அனைவரும் அப்பொய்யைக் கட்டிக்காத்தோம். ஒருநாள் இரவு அவர் எம்மை அருகழைத்து, "தம்பி, எனக்கு என்ன நோயென்று எனக்குத் தெரியும். தெரியாதவள்போல் உங்கள் முன் இருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது" என்றார். யாம் விடையறியாது நின்றோம். அதன் பின்னரே அவர் தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், தாம் கொடுக்க வேண்டிய கடன்களைப் பற்றியும் எம்மிடம் மனம்விட்டுப் பேசினார். அவருக்கு எஞ்சியிருந்த நாள்களோ மிகச் சில.

அருகிருப்பவர்க்கு வேண்டிய பண்புகளாக உரையாசிரியர் பரிமேலழகர் அன்பு, தூய்மை, சொன்னவற்றைச் செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கைக் கூறுவர். எம்மிடம் அன்பு இருந்தது, அறிவு இல்லை. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்பதை யாம் காலங்கடந்தே உணர்ந்தோம்.

அருகிருப்பவரின் துயரும் பெரிது. கூலியிழந்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்துறங்கும் கணவரையும், நகைகளை அடகுவைத்து ஊசி மருந்து வாங்கும் மகளையும், தம்பி தங்கையரைக் காக்கப் பள்ளியை விட்டு நின்ற சிறுமியையும் நாம் காண்கின்றோம். அவர்களை 'உண்டீர்களா?' என்று கேட்பவர் அரியர்.

துயரிலிருந்து தோன்றிய பணி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாத அத்துயர், அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக வளர்ந்தது. 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்நிலையத்திற்கே தம் வாழ்வை அளித்தார்.

நம்பிக்கையின் வழிகள்

1948-இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு மருந்தால் தற்காலிக நலம் கிடைத்ததை வெளியிட்டார். அன்று உறுதியான மரணமெனக் கருதப்பட்ட அந்நோயினின்று, இன்று வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான தீநுண்மியைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹாசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அதனைத் தடுக்கும் ஊசி 2022-இல் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது.

ஆயினும் எல்லா மருத்துவமும் காலத்தோடு வருவார்க்கே பெரிதும் உதவும். ஆறாத வாய்ப்புண், மார்பகக் கட்டி, காரணமற்ற இரத்தப்போக்கு ஆகியவற்றை நாணத்தாலோ அச்சத்தாலோ மறைத்தல் கூடாது. புகையிலையை விலக்குதல் எவர்க்கும் இயல்வதே.

குணமாக்க இயலாதபோதும் வலியைத் தணிக்க இயலும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி கேரளமெங்கும் பரவி, அண்டை வீட்டாரையே தொண்டர்களாக்கியது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இல்லம் சென்று செய்யும் இப்பணி இடம்பெற்றுள்ளது.

முடிவுரை

மருந்தை ஆய்வாளர் காண்பர், மருத்துவர் அளிப்பர். நான்காம் கூறு நம்மைச் சார்ந்தது. மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவில் இந்நோயுற்ற இல்லம் ஒன்று இருப்பின், வாரத்தில் ஓர் இரவேனும் நோயாளியின் அருகிருந்து, அங்கு உறக்கமிழந்தவர் உறங்க வழிசெய்யுங்கள். சமுதாயப் பெரியோர் அவ்வில்லத்துப் பிள்ளைகளின் கல்வி தடைப்படாது காப்பாராக. அச்சத்தை விடுத்து, அந்நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்லப் பழகுவோம். அதுவே இப்பணியின் முதற்படியாகும்.