தொழுவத்தில் ஒரு பெரிய சிலந்தி

கேள்வி: எங்கள் மாட்டுத் தொழுவத்துச் சுவரில், உள்ளங்கை அகலமுள்ள பழுப்புநிறச் சிலந்தி ஒன்று இரவில் தென்படுகிறது. வலை பின்னுவதில்லை, வயிற்றடியில் வெண்ணிற வில்லை ஒன்றைச் சுமந்து திரிகிறது. இது கொடிய விஷமுள்ளதா? கொன்றுவிடலாமா?

பதில்: தாங்கள் குறிப்பிட்டுள்ள லக்ஷணங்களையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, 1767-ஆம் ஆண்டில் லின்னேயஸ் வர்ணித்ததும், சரக்குக் கப்பல்களின் வழியே வெப்பப் பிரதேசங்கள் பலவற்றிலும் பரவியதுமான ‘ஹெட்டரோபோடா வெனட்டோரியா’ என்னும் வேட்டைச் சிலந்தியே இது எனலாம். நண்டைப் போல் பக்கவாட்டில் விரியும் நீண்ட கால்களும், இடுக்குகளில் நுழைவதற்கேற்ற தட்டையான உடலும், கண்களுக்குக் கீழே முகத்தின் குறுக்கே ஓடும் வெளிர்நிறப் பட்டையும் இதன் அடையாளங்கள். அந்த வில்லை, தாய்ச்சிலந்தி குஞ்சுகள் வெளிப்படும்வரை விடாது காக்கும் முட்டைப்பை. உடல் பருத்து, தடித்த கால்களில் அடர்ந்த ரோமமிருந்தால் மட்டுமே, மரப்பொந்துகளில் வாழும் வேறு வகைச் சிலந்தியோ என்று ஐயுற வேண்டும்.

வலை விரிக்காமல் பாய்ந்து பிடித்துக் கரப்பான்களைத் தின்னும் இப்பிராணி, மனிதரைக் கண்டால் ஓடி ஒளியுமேயன்றி வலிய வந்து கடிப்பதில்லை. கையால் பிடித்து நெருக்கினால் கடிக்கக்கூடுமெனினும், அதனால் வலியும் சிறிது வீக்கமும் உண்டாகுமேயல்லாமல் உயிருக்கு அபாயமில்லை. ஆகவே கொல்ல வேண்டாம்; அகற்றியே தீரவேண்டுமாயின், அகன்ற வாயுள்ள பாத்திரத்தால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.