கழுவிய படத்தில் சில புள்ளிகள்

அன்புள்ள தம்பி,

உன் வரைபடத்தில் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அந்த நான்கு புள்ளிகளை நீக்கிவிட்டு ஆய்வறிக்கையை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

1934ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஃபிரென்சல், ஷுல்டெஸ் என்ற இருவர் ஃபிலிம் கழுவும் கரைசலுக்குள் மீயொலியைச் செலுத்தினார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று எண்ணினார்கள். கழுவிய படத்திலோ சிறு சிறு புள்ளிகள். ஃபிலிம் வீணாயிற்று என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர்கள் காரணம் தேடினார்கள். கரைசலில் இருந்த குமிழிகள் ஒளி விட்டிருந்தன!

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகும் அல்லவா? அதே கதைதான். ஒலி அலையில் அழுத்தம் குறையும் கணத்தில் குமிழி ஊதிப் பெருக்கும்; அழுத்தம் ஏறியதும் நாலாபுறமும் நீர் நெருக்க, மைக்ரானுக்கும் கீழே சுருங்கும். உள்ளே அகப்பட்ட வாயு சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடேறி மின்னும். இதற்குத்தான் ஒலியொளிர்வு என்று பெயர்.

ஆனால் புள்ளியைக் கண்டதோடு புதிர் அவிழ்ந்துவிடவில்லை. ஆயிரம் குமிழிகள் ஆளுக்கொரு நேரத்தில் மின்னினால் எதை அளப்பது? 1989இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஃபெலிப்பே கைட்டான், தம் பேராசிரியர் லாரன்ஸ் கிரம்முடன் சேர்ந்து, கரைந்திருந்த காற்றைப் பெரும்பாலும் நீக்கிய நீரில் ஒரே ஒரு குமிழியை ஒலியாலேயே நடுவில் நிறுத்திக் காட்டினார். நொடிக்கு 20,000 தடவைக்கு மேல், தாளம் தப்பாமல் அது மின்னியது. அதன்பிறகே ஒவ்வொரு மினுக்கலும் நீடிக்கும் நேரத்தை அளக்க முடிந்தது: ஒரு நொடியை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் அதில் ஓரிரு கூறு. காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஆர்கான்தான் குமிழிக்குள் கடைசிவரை தங்கி ஒளிர்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டில் வேதிமாற்றம் அடைந்து நீரில் கரைந்துவிடுகின்றன.

முதல் புள்ளிக்கும் அந்த ஒற்றைக் குமிழிக்கும் நடுவே 55 ஆண்டுகள். புள்ளியை மதிப்பது முதல் படி. அதை அசையாமல் நிறுத்திப் பார்ப்பது அடுத்த படி. இரண்டும் வேண்டும், தம்பி.

நாளை ஆய்வகம் திறந்ததும் அந்த நான்கில் ஒன்றை மட்டும் எடு. அதே சூட்டில், அதே கரைசலில் பத்து தடவை அளந்து பார். மறைந்துபோனால், மறைந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவை, அதுவும் உண்மைதான். மறையாமல் நின்றால், நேரம் பார்க்காமல் அன்றைக்கே எனக்கு ஃபோன் செய்.

அன்புடன்,
உன் அண்ணன்